பருவத்தோடு பணி, உழைப்போடு நிதி: ஒரு கிராமச் சாரணர் துருப்பின் ஓராண்டு

சாரணர் துருப்பு என்றதும் எம்மிற் பலருக்கு நகரத்துப் பெரிய கல்லூரிகளே நினைவுக்கு வருகின்றன. காக்கிச் சட்டை, கழுத்துப்பட்டி, கூடாரம், பஸ்ஸில் தூரப் பயணம் என்று அது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குரிய விடயம் என எண்ணி ஒதுங்கிவிடுகிறோம். ஆனால், இடம்பெயர்ந்து வந்து வேறோர் ஊரில் குடியிருக்கும் குடும்பங்களுக்கும், நீண்ட காலத்தின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பங்களுக்கும், சாரணர் துருப்பினால் வரக்கூடிய நன்மை நகரத்தவருக்கு வருவதிலும் கூடியது என்பது எமது எண்ணம்.

காரணம் எளிது. கமக்காரனின் பிள்ளை கமத்தைப் பாடப் புத்தகத்தில் படிப்பதில்லை. தகப்பனோடு வரம்பில் நடந்தும், பேத்தியாரோடு பனங்கொட்டை பொறுக்கியும் படிக்கிறது. காணியை விட்டுப் பெயர்ந்த குடும்பத்தில் இந்தப் படிப்பு அறுந்துபோகிறது. பத்து வருடம் தறப்பாளின் கீழும் தற்காலிகக் கொட்டிலிலும் வளர்ந்த பிள்ளைக்குப் பாத்தி கட்டத் தெரியாது; எந்த மாதத்தில் எந்தக் காற்று வீசும் என்பதும் தெரியாது. ஒரு சாரணர் துருப்பு தன் ஆண்டு வேலைகளைப் பருவத்தோடு பொருத்தி, தன் செலவுக்கான பணத்தையும் அந்த வேலைகளிலிருந்தே தேடிக்கொள்ளுமானால், அறுந்த படிப்பின் ஒரு பகுதியையாவது மீண்டும் தொடுக்கலாம். இதனை எவ்வாறு செய்யலாம் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. சாரணியம் வந்த வழி

1907ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் என்பவர் சுமார் 20 சிறுவர்களைச் சேர்த்து ஒரு பாசறை நடத்தினார். அவர்களுள் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்திருந்தனர். அடுத்த ஆண்டில் அவர் எழுதிய கைந்நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் தரப்பட்ட ஒன்பது சாரணர் விதிகளுள் கடைசி விதி சிக்கனம் பற்றியதாகும். பிள்ளை தானே உழைத்துச் சேமிக்கப் பழக வேண்டும், பிறரிடம் கையேந்தக் கூடாது என்ற கருத்து அன்றிலிருந்தே இவ்வியக்கத்தில் உண்டு.

எமது நாட்டில் 1912ஆம் ஆண்டு மாத்தளையில் எவ். ஜி. ஸ்டீவன்ஸ் என்பவர் முதலாவது துருப்பை ஆரம்பித்தார். 1917இல் கண்டியில் பெண் சாரணியர் இயக்கம் தொடங்கியது. பேடன் பவல் பிறந்த பெப்ரவரி 22ஆம் திகதி இரு இயக்கத்தாருக்கும் விசேட நாளாகும். 2012இல் இலங்கைச் சாரணியம் நூறாண்டை நிறைவு செய்தது. 2016இல் தேசிய ஜம்போரி யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது.

துருப்பின் அமைப்பு எளிமையானது. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் கொண்டது ஓர் அணி. அணிக்கு ஒரு தலைவர், ஓர் உபதலைவர். ஒரு பிள்ளை பணத்தைக் கவனிக்கும். இன்னொன்று பொருட்களைக் கவனிக்கும். வேறொன்று குறிப்பு எழுதும். மூன்று நான்கு அணிகள் சேர்ந்தால் துருப்பு. அணித் தலைவர்கள் சாரண ஆசிரியரோடு கூடியிருந்து எதைச் செய்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கிறார்கள். பெரியவர் கட்டளையிட்டுப் பிள்ளைகள் செய்வது அல்ல இம்முறை. பிள்ளைகள் தாமே பொறுப்பெடுத்துப் பழகுவதற்காகவே இது வகுக்கப்பட்டது.

2. 'முகாம்' என்ற சொல்லும் சீருடையும்

சாரணர் வெளியே தங்கிப் பழகுவதைச் சிலர் 'முகாம்' என்றும், சிலர் 'பாசறை' என்றும் சொல்வர். எம் வாசகர்களுக்கு முகாம் என்ற சொல் வேறு நினைவுகளைத் தரும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள், 2009இல் வன்னியிலிருந்து மெனிக் பாமுக்குக் கொண்டுவரப்பட்டு அது மூடப்பட்ட 2012 வரை காத்திருந்த குடும்பங்கள் யாவருக்கும் முகாம் என்பது தாமாக விரும்பிப் போன இடமல்ல. ஆகவே நாம் இங்கே பாசறை என்ற சொல்லையே கையாளுகிறோம். ஒரு பிள்ளை தன் விருப்பத்தோடு போய், தன் கையால் சமைத்து, இரண்டு இரவு தங்கி, குறித்த நாளில் வீடு திரும்பும் இடம் பாசறை. இந்த வேறுபாட்டை வயது வந்த சாரணப் பிள்ளைகளோடு வெளிப்படையாகக் கதைப்பது நல்லது.

சீருடையும் அவ்வாறே. அணிநடையையும் விசிலையும் காக்கிச் சட்டையையும் கண்டதும் சில தாய்மாரின் மனம் பதறுவது நியாயமானதே. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இந்த அச்சத்தை அறியாமை என்று சொல்லித் தள்ள முடியாது. சாரணியத்தில் ஆயுதப் பயிற்சி இல்லை. கட்டாயச் சேர்ப்பு இல்லை. பெற்றார் சம்மதமின்றி எந்தப் பிள்ளையும் சேர்க்கப்படலாகாது. எந்த நாளிலும் விலகலாம். இவற்றைத் துருப்பு தொடங்கும் முதற் கூட்டத்திலேயே பெற்றாருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. பயிற்சி நடக்கும் இடத்துக்கு எந்தப் பெற்றாரும் எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்ற ஒழுங்கும் இருக்க வேண்டும்.

முழுச் சீருடை வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்காகத் துருப்பு முதலாண்டில் கழுத்துப்பட்டியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பாடசாலைச் சட்டையின் மேல் ஒரேவிதமான கழுத்துப்பட்டி அணிந்தால் துருப்பு துருப்பாகவே தோன்றும். சிலர் முழுச் சீருடையிலும் சிலர் கிழிந்த சட்டையிலும் நிற்கும் நிலை வரவே கூடாது.

3. பருவ அட்டவணை

ஆண்டு வேலைத் திட்டத்தை வகுக்கும்போது இரண்டு நாட்காட்டிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று பாடசாலைத் தவணை, மற்றது கமத்தின் பருவம். வயலில் அருவி வெட்டும் சூடடிப்பும் நடக்கும் கிழமையில் பாசறை வைத்தால் பிள்ளைகள் வரமாட்டார்கள். வந்தாலும் வீட்டில் மனவருத்தம் உண்டாகும். வடபகுதியை மனதிற் கொண்டு கீழ்வரும் ஒழுங்கைத் தருகிறோம். கிழக்கிலும் பிற இடங்களிலும் உள்ளோர் தத்தம் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அ) ஆவணி, புரட்டாதி: மாரிக்கு முந்திய காலம்.
பனம்பழம் விழுந்து முடியும் நேரம் இது. அணிக்கு ஒரு பனம்பாத்தி போடலாம். இதன் முறையைப் பின்னர் விளக்குகிறோம். பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தும் காலமாகையால் கனமான வேலைகளைத் துருப்பு ஏற்காமல் விட வேண்டும். வாய்க்காலும் மதகும் துப்புரவாக்கும் சிரமதானத்தை ஒரு சனிக்கிழமை காலையில் வைக்கலாம். கிணற்றுக் கட்டைச் சுற்றி நீர் தேங்கும் இடங்களையும் இப்போதே நிரப்பிவிட வேண்டும்.

ஆ) ஐப்பசி, கார்த்திகை, மார்கழி: மாரி காலம்.
வடகீழ்ப் பருவமழை பெய்யும் காலம். புயல்களும் பெரும்பாலும் இக்காலத்திலேயே வருகின்றன. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியையும், 2008 நவம்பரில் வடக்கை வெள்ளத்தில் ஆழ்த்திய நிஷா புயலையும் எம்மவர் மறக்கவில்லை. ஆகவே இது உள்ளிருந்து பழகும் காலம். கயிற்று முடிச்சு, முதலுதவி, வெள்ளம் வந்தால் எந்த வீட்டுக் கிழவரை யார் கூட்டிச் செல்வது என்ற பட்டியல், வானொலிச் செய்தியைக் கேட்டுக் குறித்தல் ஆகியவற்றைச் செய்யலாம். ஒவ்வோர் அணியும் தன் பகுதியிலுள்ள வீடுகளைக் காட்டும் ஒரு படம் வரைந்து வைக்கட்டும். மழை விட்ட நாட்களில் சிரட்டை, ரயர், உடைந்த வாளி போன்றவற்றில் தேங்கிய நீரை ஊற்றி நுளம்பு பெருகாமற் செய்வதும் சாரணர் பணியே. டெங்குக் காய்ச்சல் இக்காலத்தில் கூடுவதை எல்லோரும் அறிவோம்.

இ) தை, மாசி: அறுவடைக் காலம்.
பனங்கிழங்கு கிண்டி விற்கும் காலம். வயலுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அறுவடைக் கிழமைகளில் துருப்பு விடுமுறை கொடுக்க வேண்டும். பெப்ரவரி 22இல் நிறுவுநர் நாளைக் கொண்டாடி, புதிய பிள்ளைகளுக்கு வாக்குறுதி கொடுக்கும் வைபவத்தையும் வருடக் கணக்கு வாசிப்பையும் அன்றே வைத்துக்கொண்டால் பெற்றார் வருகை கூடும். அறுவடை முடிந்து வீட்டில் சிறிது நிம்மதியான நேரமும் அதுதான்.

ஈ) பங்குனி முதல் ஆடி வரை: கோடை.
சித்திரை விடுமுறையில் வேலை வாரமும் இரண்டு இரவுப் பாசறையும் வைக்கலாம். சிறுபோகம் செய்யும் குளத்தடி ஊர்களில் விதைப்பு நாட்களைத் தவிர்க்க வேண்டும். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் பழுத்து விழும். அதைப் பொறுக்கிச் சதையைக் கழுவி நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்தி வைத்தால் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு உதவும். உலர்ந்த பருப்பை இடித்து, ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் வீதம் ஓர் இரவு ஊறவிட்டு வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலை வேளையில் தெளிப்பது எளிய முறை. ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் செய்து விற்பதும் இக்காலத்துக்குரியது.

4. நிதி ஏன், எவ்வளவு?

துருப்புக்குப் பணம் வேண்டும். ஆனால் பணம் தேடுவதே துருப்பின் வேலையாகிவிடக் கூடாது. ஆகவே முதலில் செலவைக் கணக்கிட வேண்டும். மூன்று அணி, 24 பிள்ளைகள் கொண்ட துருப்பு ஒன்றை உதாரணமாக எடுப்போம். கீழேயுள்ள எண்கள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்கே தரப்படுகின்றன. விலைகளை உங்கள் ஊர்ச் சந்தையில் விசாரித்து மாற்றி எழுதுங்கள்.

கழுத்துப்பட்டி 24, ஒன்று ரூபா 300 வீதம்: ரூபா 7,200
முதலுதவிப் பெட்டி: ரூபா 5,000
கயிறு, தறப்பாள்: ரூபா 15,000
பாசறைச் சாப்பாடு, ஒருவருக்கு ரூபா 800 வீதம்: ரூபா 19,200
பஸ் கூலி: ரூபா 9,000
கொப்பி, பற்றுச்சீட்டுப் புத்தகம், சில்லறை: ரூபா 1,600
மொத்தம்: ரூபா 57,000

இனி, காசில்லாமலே எதைக் குறைக்கலாம் என்று பார்க்க வேண்டும். பாசறைக்கு ஒவ்வொரு பிள்ளையும் அரிசி, தேங்காய், வீட்டுத் தோட்டத்து மரக்கறி என்று இயன்றதைக் கொண்டுவந்தால் சாப்பாட்டுச் செலவில் ரூபா 12,000 குறையும் என வைத்துக்கொள்வோம். தேட வேண்டியது ரூபா 45,000.

வாரச் சந்தா ஒருவருக்கு ரூபா 10 வீதம் 40 வாரம்: ரூபா 9,600
வேலை வாரத்தில் துருப்புக்கு எஞ்சுவது: ரூபா 7,400
பனங்கிழங்கு 700, ஒன்று ரூபா 20 வீதம்: ரூபா 14,000
கன்றுகள் 150, ஒன்று ரூபா 60 வீதம், பைச் செலவு ரூபா 1,000 போக: ரூபா 8,000
ஆடிப்பிறப்பு விற்பனை, செலவு போக: ரூபா 6,000
மொத்தம்: ரூபா 45,000

வரவும் செலவும் சரியாக ஒத்து வருகின்றன. இது நல்ல கணக்கு என்று மகிழ வேண்டாம். கையிருப்பு ஒரு சதமும் இல்லை. மழை பிந்திக் கிழங்கு பிழைத்தால் என்ன செய்வது? இதை வருடத் தொடக்கத்திலேயே அணித் தலைவர்கள் தீர்மானிக்க வேண்டும். எம்மைக் கேட்டால் முதலில் பஸ் கூலியை வெட்டலாம் என்போம். நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு குளக்கரையோ தோப்போ இருந்தால் பாசறைக்கு அதுவே போதும்.

5. நிதி தேடும் வழிகள்

வேலை வாரம்

பிரித்தானியாவில் 1949இல் சாரணர் வேலை வாரம் ஆரம்பமானது. ஒரு வேலைக்கு ஒரு ஷில்லிங் என்பது கணக்கு. வேலை முடிந்த வீட்டு யன்னலில் ஓர் அடையாளத் தாள் ஒட்டப்படும். எமது நாட்டிலும் இது 'சிப் எ ஜொப்' என்ற பெயரில் வேரூன்றியது. சாரணர் வீடு வீடாகச் சென்று வேலை கேட்டு, செய்த வேலையையும் பெற்ற பணத்தையும் அட்டையில் எழுதுவித்துக் கையொப்பம் வாங்குவர். இப்பணத்தில் ஒரு பகுதி சங்கத்துக்குச் செல்வதுண்டு. எவ்வளவு என்பதை மாவட்ட ஆணையாளரிடம் முதலே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடம்பெயர்ந்தோர் வாழும் ஊரில் வேலை வாரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. உதவிப் பொருள் வாங்க வரிசையில் நிற்பவர்களாகவே எம்மைக் கண்டு பழகிய ஊரவர், எம் பிள்ளைகளை வேலை செய்பவர்களாகக் காண்கிறார்கள். முற்றம் கூட்டியும், சைக்கிள் துடைத்தும், கிழவிக்குக் கடிதம் வாசித்தும் கொடுத்த பிள்ளையின் பெயரை அந்த வீட்டார் மறப்பதில்லை. துருப்பில் ஊர்ப் பிள்ளையும் வந்த பிள்ளையும் ஒரே அணியில் இருந்து, சோடியாகச் சென்றால் பயன் இரட்டிப்பாகும்.

ஆனால் கவனம் வேண்டும். ஏழைப் பிள்ளை கிடைத்ததென்று கூலியாள் செய்யும் வேலையைச் சில்லறைக்குச் செய்விக்கப் பார்ப்போரும் உண்டு. ஆகவே வரையறை தேவை:

- எப்போதும் இருவராகச் செல்ல வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை கூடாது.
- கிணற்றில் இறங்குதல், மரமேறுதல், விறகு கொத்துதல், கிருமிநாசினி தெளித்தல், யந்திரம் இயக்குதல் ஆகியவை கூடாது.
- எந்தப் பகுதிக்கு எந்தச் சோடி போகிறது என்று சாரண ஆசிரியர் எழுதி வைத்திருக்க வேண்டும். பொழுதுபடும் முன் எல்லோரும் திரும்ப வேண்டும்.
- பணம் தர இயலாத வீட்டிலும் வேலை செய்யலாம். அட்டையில் 'அன்பளிப்புப் பணி' என்று எழுதினாற் போதும்.
- வேலை செய்யாமல் பணம் வாங்கக் கூடாது. 'வேலை வேண்டாம், காசைப் பிடி' என்பவரிடம் ஒரு சிறு வேலையாவது கேட்டுச் செய்யப் பழக்குங்கள்.

பனம்பாத்தி

காணியில்லாத குடும்பங்களும் செய்யக்கூடிய முயற்சி இது. பாடசாலை வளவின் ஒரு மூலையோ, அயலவரின் வெறுங்காணியோ போதும். காணிக்காரரின் சம்மதத்தை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கிழங்கில் இத்தனை அவருக்கு என்று முதலே பேசிக்கொண்டால் பின்னர் கசப்பு வராது.

மணற்பாங்கான, நீர் தேங்காத இடத்தில் மண்ணைக் கொத்தி இளக்கி, முழங்கால் உயரத்துக்கு மேலாகப் பாத்தியை உயர்த்த வேண்டும். முளை கீழ்நோக்கி இறங்கித்தான் கிழங்காகிறது. மண் இறுகியிருந்தால் கிழங்கு குறுகி வளையும். களி எடுத்த பனங்கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மண் மூடிவிட வேண்டும். மழை தொடங்கும்வரை இடையிடையே நீர் ஊற்றினால் போதும். மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு கிண்டலாம். 1,000 கொட்டை போட்டால் ஆயிரமும் கிழங்காகாது. கணக்கில் 700 என்று நாம் எடுத்தது அதனாலேயே.

அவித்த கிழங்காக விற்கலாம். விலை குறைந்தால் விற்க அவசரப்பட வேண்டாம். கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். இரண்டும் பல மாதம் இருக்கும். கொட்டையைப் பிளந்து பூரான் தின்னும் நாள் பிள்ளைகளுக்குப் பெருநாள். கிண்டாமல் விட்ட சில முளைகளை வேலியோரத்தில் விட்டால் அவை வடலியாகும். பாத்தி கட்டும் நாளில் ஒரு மூத்தவரை அழைத்து, அவர் சொல்லப் பிள்ளைகள் செய்யட்டும். போரில் எத்தனையோ பனைகள் அழிந்தன. பனையைப் பற்றிய அறிவையாவது அழியவிடாமல் பார்ப்போம்.

கன்று வளர்த்தல்

பப்பாசி, கத்தரி, மிளகாய், முருங்கை ஆகியவற்றைப் பைகளில் வளர்த்து விற்கலாம். கழுவிய பால்மாப் பைகளும் சிரட்டைகளும் பைச் செலவைக் குறைக்கும். மாரி தொடங்கும் நேரத்தில் விற்பனைக்குத் தயாராக இருக்குமாறு விதைக்க வேண்டும். பப்பாசிக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் வேண்டும். மீள்குடியேறிய குடும்பங்கள் வெறுங்காணியில் முதலில் நடத் தேடுவது இக்கன்றுகளையே. விதவைத் தாய்மாருக்கும் முதியோருக்கும் வீட்டுக்கு இரண்டு கன்று இலவசமாகக் கொடுக்கத் தீர்மானிக்கும் துருப்பு, அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

6. தொடக்கூடாத வழிகள்

பழைய இரும்பு சேர்த்து விற்பது பிற இடங்களில் சாரணர் நிதி தேடும் வழக்கமான முறை. போர் நடந்த பகுதிகளில் இதனை முற்றாகத் தவிர்க்க வேண்டும். வேலியிலும் பற்றையிலும் கிடக்கும் இரும்பு எதுவென்று பிள்ளைக்குத் தெரியாது, எமக்கும் தெரியாது. இரும்பு பொறுக்கப் போய்க் கையையும் கண்ணையும் உயிரையும் இழந்தவர்கள் உண்டு. கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்ட காலமாக நடந்தும், வெடிக்காத குண்டுகள் காணி துப்புரவாக்கும்போது வெளிவருவதுண்டு. ஆகவே எந்த விலைக்கும் இரும்பு வேண்டாம். நடைப் பயணத்துக்கும் பாசறைக்கும் மக்கள் அன்றாடம் புழங்கும் பாதைகளையும் இடங்களையும் மட்டுமே தெரிவு செய்து, கிராம அலுவலரிடம் விசாரித்த பின்னரே செல்ல வேண்டும். அறியாத பொருளைக் கண்டால் தொடாமல், எறியாமல், வந்த அடியிலேயே திரும்பி, பெரியவருக்கு அறிவிக்க வேண்டும். இதனை ஒவ்வொரு பிள்ளையும் முடிச்சுப் போடப் பழகுவதற்கு முன்பே பழக வேண்டும்.

உண்டியல் குலுக்கித் தெருவில் நிற்பதும், பிள்ளைகளின் துயரக் கதையைச் சொல்லி வெளியூரவரிடம் பணம் கேட்பதும் வேண்டாம். நிவாரணம் பெறுவது இழிவல்ல. அது இழந்தவரின் உரிமை. ஆனால் சாரணப் பிள்ளைக்குத் தன் கதையை விலைக்கு வைக்கப் பழக்குவது நல்ல படிப்பாகாது. கடன் வாங்கிப் பாசறை நடத்துவதும், சந்தா கட்டாத பிள்ளையை வெளியே நிறுத்துவதும் கூடாது. சந்தா கொடுக்க இயலாத பிள்ளை பாத்திக்கு ஒரு மணித்தியாலம் கூடுதலாக நீர் ஊற்றினால் அதுவும் சந்தாதான்.

7. கணக்கு

சிறு சங்கங்கள் முறிவது பெரும்பாலும் பணம் போதாமையால் அல்ல; பணம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை இல்லாமையாலேயே. எம் கிராமங்களில் இதனை விளக்கத் தேவையில்லை. பின்வரும் ஐந்து ஒழுங்குகளும் துருப்பைக் காக்கும்.

ஒன்று: வரும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள். பிரதி புத்தகத்தில் இருக்கட்டும்.

இரண்டு: சேர்ந்த பணத்தை அன்றே, குறைந்தது இருவர் முன்னிலையில் எண்ணிக் கையொப்பமிடுங்கள்.

மூன்று: துருப்பின் பெயரில் வங்கிக் கணக்கு வைத்து, இருவர் கையொப்பமிட்டே பணம் எடுக்கும் ஒழுங்கைச் செய்யுங்கள். இருவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது.

நான்கு: மாதத்துக்கு ஒருமுறை வரவு, செலவு, இருப்பு என்ற மூன்று வரியை ஒரு தாளில் எழுதிச் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டுங்கள்.

ஐந்து: அணிப் பொருளாளரான பிள்ளையே கணக்கை எழுதட்டும், பெரியவர் சரிபார்க்கட்டும். பிழை வந்தால் அடித்துவிட்டு அருகில் சரியானதை எழுதப் பழக்குங்கள். தாளைக் கிழிக்கப் பழக்காதீர்கள்.

மீண்டும் இடம்பெயர நேர்ந்தால் எதை முதலில் எடுப்பது என்றும் துருப்பு பேசி வைத்திருக்க வேண்டும். கணக்குப் புத்தகமும் வங்கிப் புத்தகமும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் ஒரே பொலித்தீன் பையில் இருக்கட்டும். தறப்பாளையும் கயிற்றையும் மீண்டும் வாங்கலாம்.

8. பெற்றார் கேட்கும் கேள்வி

'வயலுக்கு உதவ ஆளில்லை, இதில் சாரணியம் வேறா?' என்று கேட்கும் தகப்பனுக்கு என்ன சொல்வது? அவர் கேட்பதில் நியாயம் உண்டு. வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணித்தியாலம் என்பதே துருப்பு கேட்கும் நேரமாக இருக்க வேண்டும். அறுவடையில் பிள்ளை வீட்டுக்கே உரியது. ஆனால் அந்தப் பிள்ளை இரண்டு வருடத்தில் கணக்கெழுதவும், காயத்துக்குக் கட்டுப் போடவும், பாத்தி கட்டவும், பத்துப் பேருக்குச் சமைக்கவும் பழகிவிடும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வயலுக்கும்தான் திரும்பி வருகிறது. காணி இன்னும் திரும்பக் கிடைக்காத குடும்பத்துப் பிள்ளை, காணி கிடைக்கும் நாளில் அதில் என்ன செய்வது என்று அறிந்திருக்கும்.

கலந்துரையாடலுக்குச் சில வினாக்கள்

1. உங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு ஓய்வுள்ள மாதங்கள் எவை? வீட்டுக்கு அவர்கள் கட்டாயம் வேண்டிய மாதங்கள் எவை? இரண்டையும் ஒரு தாளில் வட்டமாக வரைந்து பாருங்கள்.

2. ஊரவர் பிள்ளைகளும் இடம்பெயர்ந்து வந்தோர் பிள்ளைகளும் ஒரே அணியில் இருப்பதற்குத் தடையாக இருப்பது என்ன? அத்தடை பிள்ளைகளிடம் உள்ளதா, பெரியவர்களிடம் உள்ளதா?

3. உங்கள் ஊரில் சிறுவர் செய்யலாம் என்று நீங்கள் ஒப்பக்கூடிய பத்து வேலைகளையும், ஒப்பாத பத்து வேலைகளையும் எழுதுங்கள்.

4. மூத்தோருக்குத் தெரிந்து இளையோருக்குத் தெரியாத பருவ வேலை ஒன்றைச் சொல்லுங்கள். அதை யார், எந்த மாதத்தில், எங்கே சொல்லிக் கொடுக்கலாம்?

5. உங்கள் சங்கம் ஏதாவதொன்றின் கணக்கு கடைசியாக எப்போது சுவரில் ஒட்டப்பட்டது?

செய்முறை: மூன்றாவது பகுதியிலுள்ள அட்டவணையை உங்கள் ஊருக்கேற்ப மாற்றி எழுதுங்கள். நான்காவது பகுதியிலுள்ள கணக்கை உங்கள் சந்தை விலையில் மீண்டும் போடுங்கள். இரண்டையும் பாடசாலை அதிபருக்கும் பெற்றாருக்கும் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் சேர்த்த பின்னரே துருப்பைப் பதிவதற்கு மாவட்டச் சாரண ஆணையாளரை நாடுங்கள்.